அழைப்பிதழில் சமயப் பெரியோர் பெயரை எழுதும் முறை

பினாங்கில் பொது நிகழ்ச்சி என்றால் குருக்கள், ஃபாதர், இமாம் மூவர் பெயரும் ஒரே அழைப்பிதழில் வருவது வழக்கம். மூவருக்கும் ‘திரு’ போட்டு ஒப்பேற்றிவிடக் கூடாது. அச்சுக்குக் கொடுக்குமுன் அவரவர் அலுவலகத்துக்குப் போன் செய்து, பெயரையும் பட்டத்தையும் வாட்சப்பில் எழுத்தாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

அதிகம் தடுமாறுவது கிறிஸ்தவப் பட்டங்களில்தான். கத்தோலிக்கர்களுக்கு மறைமாவட்டம் என்னும் திருச்சபைப் பகுதிக்குத் தலைவர் ஆயர். பேராயர் அவருக்கும் மேல். லுத்தரன், மெத்தடிஸ்ட் சபைகளிலோ பிஷப்பையே பேராயர் என்று எழுதுவதுண்டு. எந்தச் சபை என்று தெரியாமல் அந்தச் சொல்லைத் தொடாதீர்கள். பங்குக் குருவுக்கு ‘அருட்தந்தை’, கன்னியருக்கு ‘அருட்சகோதரி’. நேரில் ஃபாதர், சிஸ்டர் என்றாலே போதும். பினாங்கு ஆயர் செபாஸ்டியன் பிரான்சிஸ் 2023 செப்டம்பர் 30 அன்று, போப்புக்கு அடுத்த நிலையான கர்தினாலாக உயர்த்தப்பட்டார். பழைய அழைப்பிதழைப் பார்த்து எழுதினால் வெறும் ‘ஆயர்’ என்றே அச்சாகிவிடும். ‘மேதகு கர்தினால் செபாஸ்டியன் பிரான்சிஸ்’ என்று எழுதி, மறைமாவட்டப் பொறுப்பை அடுத்த வரியில் போடுங்கள்.

சிவன் கோயிலில் ஆச்சாரிய அபிஷேகம் (குருவாகப் பொறுப்பேற்கும் சடங்கு) பெற்றவருக்கு முன்னால் ‘சிவஸ்ரீ’, பின்னால் ‘சிவாச்சாரியார்’ அல்லது ‘குருக்கள்’, இரண்டில் ஒன்று. பெருமாள் கோயிலில் பட்டாச்சாரியார். முனீஸ்வரர், மதுரைவீரன் கோயில்களில் பூசை செய்பவர் பூசாரி. அவரைக் ‘குருக்கள்’ ஆக்கினால் மரியாதை கூடிவிடாது. அவர் காத்துவரும் வழிபாட்டு மரபுதான் மறைந்துபோகும். கும்பாபிஷேகப் பத்திரிகையில் கிரியைகளுக்குத் தலைமை ஏற்பவர் பெயருக்கு மேல் ‘சர்வசாதகம்’ என்று தனியாக வர வேண்டும். துறவிக்குத் தீட்சைப் பெயர் மட்டுமே. துறவுக்கு முந்தைய பூர்வாசிரமப் பெயர் வேண்டவே வேண்டாம்.

பள்ளிவாசல் இமாமைத் தமிழ் முஸ்லிம்கள் ‘ஹஜ்ரத்’ என்று அழைப்பார்கள். நீங்களும் அப்படியே அழைக்கலாம். மதரஸாவில் ஓதி ஸனது (சான்றிதழ்) பெற்றவருக்கே ‘மௌலவி’, ஹஜ் செய்தவருக்கே ‘ஹாஜி’. மரியாதை என்று நினைத்து இவற்றை எல்லாருக்கும் ஒட்டாதீர்கள்.

டத்தோ என்ற மலேசிய அரசுப் பட்டம் உள்ளவருக்குச் சமயப் பட்டம் முதலில், டத்தோ பிறகு, கடைசியில் பெயர். மாநில முஃப்தி (இஸ்லாமியச் சட்டத் தீர்ப்பு சொல்பவர்) என்றால் அவருக்குரிய மரியாதை அடைமொழியான ‘ஸாஹிபுஸ் ஸமாஹா’ முதலில் வரும். பிறகு டத்தோ, டாக்டர், ஹாஜி என்ற வரிசை. டத்தோவும் டத்தோஸ்ரீயும் வேறு வேறு. அச்சுப்படியில் இதை ஒருமுறை தனியாகச் சரிபாருங்கள்.

அறிவிப்பாளருக்கும் அதே எழுத்துப் பிரதியைக் கொடுத்து, நிகழ்ச்சிக்கு முன் ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.