வடிகஞ்சியைக் கொட்டாதீர்கள்: வெண்ணெய், க்ரீம் இல்லாத வீட்டுப் பாஸ்தா

எங்கள் வீட்டில் சனிக்கிழமை இரவு என்றால் பாஸ்தா. மகள் போட்ட சட்டம், மீற முடியாது. போன வருடம் வரை கடையில் ஆர்டர் போட்டு டப்பாவைத் திறப்பதுதான் வழக்கம். டப்பாவின் அடியில் தேங்கி நிற்கும் எண்ணெயைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். அப்புறம் என் ரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு எகிறியிருந்தது. சரி, நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதல் நாலு வாரமும் சொதப்பல். வெண்ணெயைக் குறைத்தேன், க்ரீமை நிறுத்தினேன், சீஸைக் கண்ணில் காட்டினேன். கடைசியில் தட்டுக்கு வந்தது, தக்காளித் தொக்கில் பிரட்டிய ரப்பர் குழாய். சாஸ் ஒரு பக்கம், பாஸ்தா ஒரு பக்கம், நடுவில் கொஞ்சம் புளித்த தண்ணீர். மகள் மூன்று வாய் தின்றுவிட்டுத் தயிர்சாதம் கேட்டாள்.

ஐந்தாவது வாரம் பாஸ்தா வெந்த தண்ணீரைத் தொட்டியில் சாய்த்துக்கொண்டிருந்தபோது அம்மா பின்னால் நின்றிருந்தார். "ஏங்கண்ணு, கஞ்சியப் போய் சாக்கடைல ஊத்தற?" என்றார். சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்து வளர்ந்தவர். அவர் கண்ணுக்கு அது வெறும் தண்ணீர் இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் பதிவே அந்தக் கஞ்சியைப் பற்றியதுதான்.

பாக்கெட் வாங்கும்போது

பெரிய எழுத்தில் 'முழுக் கோதுமை', 'மல்டிகிரெயின்' என்று முன்னால் போட்டிருப்பதை நம்பி வாங்க வேண்டாம். பின்னால் சேர்மானப் பட்டியலில் முதலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுதுவார்கள். முதல் பெயர் மைதா என்றால் அப்படியே வைத்துவிடுங்கள். டூரம் கோதுமை ரவை என்றால் நல்லது. முழு டூரம் கோதுமை என்றால் இன்னும் நல்லது. 100 கிராமுக்கு நார்ச்சத்து 6 கிராமாவது இருக்கிறதா என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. பச்சை, சிவப்பு நிறப் பாஸ்தாவில் கீரையும் பீட்ரூட்டும் பெரும்பாலும் நிறத்துக்குத்தான். அதைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

டூரம் ஏன் என்றால், அது கெட்டியான கோதுமை, புரதம் அதிகம். அந்தப் புரத வலைக்குள் மாவுச்சத்து சிக்கியிருப்பதால்தான் பாஸ்தா ரொட்டியைவிட மெதுவாகச் செரிக்கிறது. குழைய வேகவிட்டால் அந்த நன்மை குறைந்துவிடும். ஆகவே பதமாக எடுப்பது ருசிக்காக மட்டுமில்லை.

வடிவத்தில் என் ஓட்டு சுருள் சுருளாக இருக்கும் ஃபுசில்லிக்கு. காயும் கடலையும் அந்தச் சுருளில் மாட்டிக்கொள்ளும், ஒவ்வொரு வாயிலும் வந்துவிடும். குழாய் வடிவப் பென்னே இரண்டாவது. ஸ்பகெட்டி ஆரம்பத்தில் வேண்டாம், காயெல்லாம் தட்டின் அடியில் தங்கிவிடும்.

நாலு பேருக்கு

பாஸ்தா 250 கிராம், அதாவது 500 கிராம் பாக்கெட்டில் சரிபாதி
கொண்டைக்கடலை 100 கிராம் (முந்தின இரவே ஊறவைத்து, குக்கரில் வேகவைத்தது)
தக்காளி அரைக் கிலோ
காளான் ஒரு பாக்கெட், குடைமிளகாய் 2, பீன்ஸ் ஒரு கைப்பிடி
பெரிய வெங்காயம் 1, பூண்டு 8 பல்
கடலை எண்ணெய் அல்லது ஆலிவ் எண்ணெய் 2 மேசைக்கரண்டி
காய்ந்த மிளகாய் 2, கொரகொரப்பாக இடித்தது
திருநீற்றுப்பச்சிலை ஒரு கைப்பிடி, இல்லாவிட்டால் காய்ந்த ஆரிகனோ
துருவிய சீஸ் 30 கிராம், கடைசியில் மேலே தூவ

ஆளுக்கு 60 கிராம்தானா என்று முதலில் எனக்கும் தோன்றியது. வெந்தால் இரண்டு மடங்குக்கு மேல் எடை ஏறும். கடலையும் காயும் சேர்ந்தால் தட்டு நிறைந்துவிடும். கண்ணளவில் போட்டால் கை நீண்டுவிடுகிறது, அனுபவம். ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். விலை அதிகமான கடாய்க்கு முன்னால் வாங்க வேண்டியது அதுதான்.

நல்லெண்ணெய் வேண்டாம், அதன் வாசம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். திருநீற்றுப்பச்சிலை எதற்கு என்று கேட்பீர்கள். இத்தாலிக்காரர்கள் போடும் பேசில் இதே செடிதான். சப்ஜா விதை இதன் விதை. வாசம் கொஞ்சம் மாறும், நம்மூர் ரகத்துக்குக் காரம் கூட. ஆனால் குளிர்பெட்டியில் வாடிக் கிடக்கும் இறக்குமதிக் கட்டைவிட வாசலில் தொட்டியில் இருக்கும் இலை எவ்வளவோ மேல். துளசியைப் போட்டுவிடாதீர்கள், கஷாயம் மாதிரி ஆகிவிடும். ஒருமுறை ஆனது.

சாஸ்

சாஸை முதலில் முடித்துவிட்டுத்தான் பாஸ்தாவைத் தண்ணீரில் போட வேண்டும். வெந்த பாஸ்தாவைக் காக்க வைத்தால் கட்டியாகிவிடும்.

தக்காளியை மிக்ஸியில் அடித்தால் காற்று புகுந்து நுரைத்து வெளிர் ஆரஞ்சாகிறது, கொதிக்க நேரமும் பிடிக்கிறது. பாதியாக வெட்டி, வெட்டின பக்கத்தைத் தேங்காய்த் துருவியில் அல்ல, காரட் துருவும் தட்டைத் துருவியில் தேய்த்துவிடுங்கள். சதை கீழே, தோல் கையில். இரண்டு நிமிட வேலை. பெங்களூர்த் தக்காளி பாதி, நாட்டுத் தக்காளி பாதி என்று எடுத்தால் சதையும் புளிப்பும் சமன்.

அகலமான எவர்சில்வர் கடாயில் எண்ணெய் விட்டு, சிறு தீயில் பூண்டை வாசம் வரும்வரை மட்டும் வதக்கி, வெங்காயம், இடித்த மிளகாய், பிறகு காளான். காளான் தண்ணீர் விட்டு அது வற்றட்டும். அப்புறம் தக்காளி, பதினைந்து நிமிடம். பீன்ஸையும் குடைமிளகாயையும் கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டால் கடிபடும். கடலையும் உள்ளே போகட்டும். உப்பு இப்போது போடாதீர்கள். இரும்புக் கடாய் இதற்கு ஆகாது. தக்காளிப் புளிப்பு இரும்பில் பட்டால் சாஸ் கறுத்து ஒரு உலோக ருசி வரும்.

பாஸ்தாவும் கஞ்சியும்

இத்தாலியில் சொல்லும் கணக்கு 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. நான் இரண்டையுமே குறைத்துவிட்டேன். 250 கிராமுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தட்டையாக வழித்த இரண்டு தேக்கரண்டி தூள் உப்பு. உப்பில் பெரும்பகுதி தண்ணீரோடு நின்றுவிடுகிறது. ஆனாலும் உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள்தான் உப்பு என்கிறது. சீஸிலும் உப்பு இருக்கிறது. தண்ணீரைக் குறைத்ததற்குக் காரணம் வேறு: கஞ்சி கெட்டியாகக் கிடைக்கும்.

தளதளவென்று கொதிக்கும்போது பாஸ்தாவைப் போட்டு, முதல் ஒரு நிமிடம் கிளறிவிடுங்கள். ஒட்டுவது அப்போதுதான். தண்ணீரில் எண்ணெய் விட வேண்டாம். எண்ணெய் மேலே மிதக்கும், வடிக்கும்போது பாஸ்தா மேல் படிந்து சாஸை ஒட்டவிடாது. பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தால் அதுதான் நேரம்.

இப்போது நான் நாலு வாரம் தடுக்கி விழுந்த இடம். நமக்கு எந்தக் குழம்பிலும் எண்ணெய் பிரிந்து மேலே வந்தால்தான் வெந்ததாக அர்த்தம். நானும் அப்படியே தக்காளியைச் சுண்டவிட்டு, எண்ணெய் ஓரத்தில் மினுங்கியதும் அடுப்பை அணைத்து, பாஸ்தாவைக் கொட்டிப் பிரட்டினேன். பிரிந்த எண்ணெய் பிரிந்தபடியே இருந்தது. பாஸ்தாவில் வேலை நேர் எதிர். பிரிந்த எண்ணெயை மறுபடி சாஸுக்குள் கொண்டுவர வேண்டும். கடைக்காரர்கள் அதைக் க்ரீமையும் வெண்ணெயையும் வைத்துச் செய்கிறார்கள். கஞ்சியில் இருக்கும் மாவுச்சத்து அதே வேலையைச் செய்யும்: எண்ணெயையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்துவைக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். சாஸ் கடாயை மறுபடி நல்ல தீயில் வையுங்கள். ஜல்லிக்கரண்டியால் பாஸ்தாவை அரித்து, சொட்டச் சொட்ட நேராகக் கடாயில் போடுங்கள். வடிகட்டிக் கூடை வேண்டாம், அதைப் பார்த்தாலே கை கஞ்சியைக் கொட்டப் போய்விடும். பச்சைத் தண்ணீரில் அலசவே கூடாது, மேலே இருக்கும் மாவுப்பசை போய்விடும். ஒரு பெரிய கரண்டி கஞ்சியை ஊற்றி, கடாயைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே வேகமாகக் கிளறுங்கள். முதலில் தண்ணியாகத்தான் தெரியும். பயந்து நிறுத்தாதீர்கள். ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் ஓரத்து எண்ணெய் காணாமல் போய், சாஸ் பளபளவென்று பாஸ்தாவைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். வறண்டால் இன்னும் அரைக் கரண்டி. கரண்டியால் கடாயின் அடியில் ஒரு கோடு இழுத்தால் அது மெதுவாக மூட வேண்டும். அந்தப் பதத்தில் அடுப்பை அணையுங்கள், தட்டுக்குப் போவதற்குள் இன்னும் கொஞ்சம் இறுகும்.

இப்போது உப்புப் பாருங்கள். பெரும்பாலும் தேவைப்படாது, கஞ்சியிலேயே வந்திருக்கும். இலையைக் கிள்ளிப் போட்டு, சீஸைத் தூவி உடனே பரிமாறுங்கள்.

வெள்ளை சாஸ்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்கு: கால் கிலோ காலிஃப்ளவரையும் நாலு பல் பூண்டையும் மசிய வேகவைத்து, 50 கிராம் பன்னீர், அரை டம்ளர் பால், மிளகுத்தூளோடு நைசாக அரைத்துக்கொள்ளுங்கள். மைதா இல்லை, வெண்ணெய் இல்லை. வதக்கிய காயில் இதை ஊற்றிக் கஞ்சி விட்டு அதே குலுக்கல். உள்ளே என்ன என்று என் மகளிடம் இதுவரை சொல்லவில்லை.

பின்சேர்க்கை 1: முழுக் கோதுமைப் பாஸ்தா உடைந்து போகிறது, தவிட்டு வாசம் அடிக்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பழகும்வரை சாதாரண டூரம் பாஸ்தாவோடு பாதிப்பாதி கலக்கலாம். ஒரே வடிவமாக இருக்கட்டும். ஆனால் ஒன்றாகப் போடாதீர்கள், இரண்டுக்கும் வேகும் நேரம் வேறு. பாக்கெட் நேரங்களைப் பார்த்து, அதிக நேரம் எடுப்பதை முதலில் போட்டுவிட்டு, வித்தியாச நிமிடங்கள் கழித்து மற்றதைப் போடுங்கள். நான் இதை எழுத மறந்ததால் ஒருவர் வீட்டில் பாதி களியாகிவிட்டதாம். மன்னிக்கவும்.

பின்சேர்க்கை 2: நாட்டுத் தக்காளி மட்டும் போட்டவர்களுக்குப் புளிப்புத் தூக்கலாக இருந்திருக்கிறது. சர்க்கரை போட வேண்டாம். வெங்காயம் வதக்கும்போதே ஒரு காரட்டைத் துருவிச் சேருங்கள். பாஸ்தாவைக் குக்கரில் போட்டு இரண்டு விசில் விடலாமா என்று கேட்டவருக்கு: விடலாம், கரண்டியில்தான் சாப்பிட வேண்டியிருக்கும்.

பின்சேர்க்கை 3: சர்க்கரை உள்ளவர்கள் சாப்பிடலாமா என்ற கேள்விதான் அதிகம். முழுக் கோதுமையானாலும் பாஸ்தா மாவுச்சத்துதான். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. அவர் தட்டில் பாஸ்தா 40 கிராம் கணக்குதான், கடலையும் காயும் இரட்டிப்பு. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வீட்டுக் குளுக்கோமீட்டரில் பார்த்து அந்த அளவுக்கு வந்தோம். அது அவர் உடம்புக்கு. உங்கள் அளவை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மிஞ்சிய கஞ்சியை அம்மா ஆறவைத்து எடுத்துப் போகிறார். உப்பு அதிகம் என்று புகார், அதனால் தண்ணீரைப் பாதி கலந்து மோர் ஊற்றிக் குடித்துப் பார்த்தார். சோற்றுக் கஞ்சிக்குக் கிட்டவே வராதாம்.