லேப்டாப்பில் காபி கொட்டிவிட்டதா? ஹார்ட் டிஸ்க்கில் உள்ளதைக் காப்பாற்றும் வழி

பக்கத்தில் லேப்டாப் நனைந்து கிடக்கும்போதே இதைப் படிக்கிறீர்கள் என்றால், மற்றதெல்லாம் அப்புறம். சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு சார்ஜரைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து லேப்டாப்பை அணையுங்கள், முறையாக ஷட்டவுன் செய்ய மெனுவைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அணைந்ததும் திரையை விரித்தபடியே கவிழ்த்து, ஒரு துண்டை விரித்து அதன் மேல் கூடாரம் மாதிரி நிறுத்துங்கள். அதன் பிறகு ஆன் செய்து பார்க்காதீர்கள். வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு தடவை என்றுகூட வேண்டாம்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

என் அக்கா வீட்டில் நடந்தது இது. ஒரு டம்ளர் காபி அப்படியே கீபோர்டில் சாய்ந்துவிட்டது. துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் ஃபேன் காற்றில் வைத்து, ஆன் செய்திருக்கிறாள். ஆன் ஆகியிருக்கிறது, இருபது நிமிடம் ஓடியும் இருக்கிறது, சரியாகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டாள். காலையில் உயிரே இல்லை. கடைக்குக் கொண்டுபோனால், போர்டும் போச்சு, ஹார்ட் டிஸ்க்கும் போச்சு, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதில் பையன் பிறந்ததிலிருந்து எடுத்த ஒன்பது வருடப் படங்கள் இருந்தன, வேறு எங்கும் ஒரு பிரதி கிடையாது. நான் டிஸ்க்கைக் கழற்றி அதன் அடியில் இருக்கும் சர்க்யூட் பலகையைத் தூக்கியபோது புளித்த பால் வாடை வந்தது. கெட்டுப்போயிருந்தது அந்தப் பலகையின் ஓரம் மட்டும்தான். சுத்தம் செய்து மாட்டியதும் படங்கள் எல்லாம் வந்துவிட்டன.

ஆன் செய்வது ஏன் ஆபத்து? மின்சாரம் இல்லாத பலகையில் ஈரம் மெதுவாகத்தான் கெடுக்கும், உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. மின்சாரம் பாய்ந்தால் கதை வேறு: பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு முனைகளுக்கு நடுவே ஈரம் இருந்தால், ஒரு முனையில் உலோகம் கரைந்து இன்னொரு முனையில் படிந்து, அங்கிருந்து மெல்லிய இழையாக வளர்ந்து பாலம் போட்டுவிடும், ஷார்ட் ஆகிவிடும். காபியில் பால் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது. போர் தண்ணீரில் உப்பு இருக்கிறது. குளிர்பானத்தில் அமிலம் இருக்கிறது. எல்லாமே இந்த வேலையை வேகப்படுத்தும். அணைத்து வைத்திருந்தாலும் பேட்டரி உள்ளே இருக்கும்வரை போர்டில் எங்காவது மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும், அதனால்தான் அடுத்த வேலை பேட்டரி.

என்னென்ன வேண்டும்

சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், டி5, டி6 அளவு டார்க்ஸ் முனைகள் (ஆறு முனை நட்சத்திர வடிவில் இருக்கும்), பழைய மிருதுவான டூத் பிரஷ், பட்ஸ், டிஸ்டில்டு வாட்டர் (இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவோமே, அதுதான்), 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 2.5 இன்ச் டிஸ்க்குக்கான சாட்டா யூஎஸ்பி கேபிள் (கழற்றிய டிஸ்க்கை இன்னொரு கணினியின் யூஎஸ்பியில் மாட்ட). சென்னைக்காரர்களுக்கு எல்லாமே ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். ஆல்கஹாலுக்குப் பதிலாக சானிட்டைசர் போதுமே என்று நினைக்காதீர்கள், அதில் கிளிசரின் இருக்கிறது, காய்ந்தபின் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல், தின்னர் கிட்டவே வர வேண்டாம், பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்பும் சாமி விளக்கும் இல்லாத இடமாகப் பார்த்து, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

டிஸ்க்கை வெளியே எடுப்பது

வடிய வேண்டியது வடிந்ததும் லேப்டாப்பின் அடி மூடியைக் கழற்றுங்கள். எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்து வையுங்கள், நீளம் மாறி மாட்டினால் போர்டையே துளைத்துவிடும். முதலில் பேட்டரி இணைப்பைப் பிரியுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் நெம்பக் கூடாது, அப்படியே விட்டுவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அப்புறம் ஹார்ட் டிஸ்க்: கை வைத்துத் தட்டச்சு செய்யும் பகுதிக்குக் கீழே, பெரும்பாலும் ஒரு மூலையில், சீட்டுக்கட்டு அளவில் தட்டையாக இருக்கும். தாங்கியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, சாட்டா இணைப்பிலிருந்து நேராக இழுத்தால் வந்துவிடும். கீழே போட்டுவிடாதீர்கள், ஈரத்தில் பிழைத்த டிஸ்க்குகள் இந்த இடத்தில் கைதவறிச் சாவது உண்டு.

எடுத்துப் பார்த்தால் சீட்டுக்கட்டு மாதிரி இல்லாமல், சூயிங்கம் பட்டை போல ஒரு நீளமான சின்னப் பலகைதான் இருக்கிறதா? அது எம்.2 எஸ்எஸ்டி. அதில் சுற்றும் பாகமே இல்லை, கீழே சொல்லும் சுத்தம் செய்யும் வேலையை அந்தப் பலகைக்கே செய்தால் போதும். ஆனால் அதற்கு வாங்கும் யூஎஸ்பி கேஸ் என்விஎம்இ வகையா, சாட்டா வகையா என்று பார்த்து வாங்குங்கள், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வேலை செய்யாது. சில லேப்டாப்களில், புது மேக்புக்குகளில் எல்லாம், சேமிப்பு சிப்பையே போர்டில் பற்றவைத்திருப்பார்கள். அங்கே தனியாக எடுக்க எதுவும் இல்லை, போர்டைச் சரிசெய்தால்தான் தகவல் வரும். அந்த வேலை தெரிந்தவரிடம் போங்கள்.

பலகையைச் சுத்தம் செய்வது

பொறுமை வேண்டிய இடம் இதுதான்.

ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. மேலே உலோகப் பெட்டி, அதற்குள்தான் உங்கள் படங்கள் இருக்கும் தட்டுகள் சுழல்கின்றன. அடியில் ஒரு சர்க்யூட் பலகை. பெட்டியின் மேல்மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில்தான் படிக்கும் முனை மிதக்கிறது, அதற்கு ஒரு தூசியே பாறை. பெட்டியில் ஊசிமுனை போல ஒரு துளையும், மூடாதே என்ற எச்சரிக்கையும் பார்ப்பீர்கள். காற்றழுத்தத்தைச் சமன்செய்ய வைத்த ஓட்டை அது, உள்ளே ஒரு வடிகட்டி இருக்கும். மேலே கொஞ்சம் சிந்தியதெல்லாம் பெரும்பாலும் அதன் வழியே உள்ளே போயிருக்காது. நீங்களாக அதில் ஊதியோ ஆல்கஹால் விட்டோ உள்ளே அனுப்பிவிடாதீர்கள்.

அடிப் பலகை வெளியிலிருந்து பார்க்கப் பளிச்சென்று இருக்கும், அதை நம்ப வேண்டாம். சிப்புகள் எல்லாம் பெரும்பாலும் பெட்டியைப் பார்த்த பக்கம்தான் இருக்கின்றன, பலகைக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு மெல்லிய ஃபோம் இருக்கும், அது ஸ்பாஞ்ச் மாதிரி காபியை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வெளியே துடைத்துவிட்டு முடிந்தது என்று நினைக்கிறவர்கள் தோற்பது இதனால்தான். அக்கா டிஸ்க்கிலும் வாடை அங்கிருந்துதான் வந்தது.

டார்க்ஸ் ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பலகையை நேராகத் தூக்குங்கள், சாய்த்து நெம்ப வேண்டாம், சில மாடல்களில் மெல்லிய பின்கள் இருக்கும். இப்போது பலகை மட்டும் தனியாகக் கையில் இருக்கிறது. சர்க்கரையும் பாலும் ஆல்கஹாலில் சரியாகக் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் முதலில் டிஸ்டில்டு வாட்டரில் தோய்த்த பிரஷால் மெதுவாகத் தேய்த்துக் கழுவுங்கள், பிசுக்கு போனதும் ஆல்கஹால் விட்டு இரண்டு தடவை கழுவுங்கள், அது மிச்ச ஈரத்தையும் இழுத்துக்கொண்டு ஆவியாகிவிடும். மறுபடியும் சொல்கிறேன், இந்தக் கழுவல் பலகைக்கு மட்டும். உலோகப் பெட்டிக்கு ஆல்கஹாலில் லேசாக நனைத்த பட்ஸ் போதும், அதுவும் துளைப் பக்கம் போகாமல்.

பலகையிலிருந்து மோட்டாருக்கும் படிக்கும் முனைக்கும் போகும் தொடுபுள்ளிகள் கறுத்திருந்தால் பென்சில் ரப்பரால் இலேசாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, ஆல்கஹாலில் துடையுங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் அது அரிப்பு, பிரஷால் போகும்வரை தேயுங்கள். ஃபோமை டிஸ்டில்டு வாட்டரில் அலசி நன்றாகக் காயவைத்து, இருந்த இடத்திலேயே வையுங்கள்.

எங்காவது கருகியிருந்தால், அல்லது ஒரு சிப் வெடித்த மாதிரி தெரிந்தால், இதோடு நிறுத்துங்கள். அதே மாடல் பழைய டிஸ்க் ஒன்றை வாங்கிப் பலகையை மாற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். இப்போதைய டிஸ்க்குகளில் அது நடக்காது, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் அந்தப் பலகையில் உள்ள ரோம் என்ற நினைவகச் சிப்பில் இருக்கின்றன, அதையும் பெயர்த்து மாற்ற வேண்டும்.

காயவைப்பது

24 மணி நேரம், நிழலில், ஃபேன் காற்றில். அரிசி டப்பாவில் புதைக்காதீர்கள். திறந்த காற்றில் காய்வதைவிட அரிசி ஒன்றும் வேகமாக உறிஞ்சுவதில்லை, மாவுத்தூள்தான் இணைப்புகளுக்குள் போகும். 2024இல் ஆப்பிள் நிறுவனமே ஐபோனை அரிசியில் போட வேண்டாம் என்று சொன்னது. ஹேர் டிரையரும் வெயிலும் வேண்டாம்.

மாட்டிப் பார்ப்பது

நனைந்த லேப்டாப்பில் திரும்ப மாட்டாமல், யூஎஸ்பி கேபிள் வழியாக வேறு ஒரு கணினியில் மாட்டுங்கள். மாட்டும்போது டிவியை அணைத்துவிட்டு, டிஸ்க் பக்கத்தில் காதை வைத்துக் கேளுங்கள். சீராகச் சுழலும் மெல்லிய ஓசை வந்து கணினியும் கண்டுகொண்டால் நல்லது. டக் டக் என்று ஒரே தாளத்தில் தட்டினால் உடனே பிடுங்குங்கள், ஒவ்வொரு தட்டலிலும் தட்டு கீறப்படலாம். சுழலாமல் பீப் மாதிரி முனகினாலும் அதேதான். சத்தமே இல்லையென்றால் வேறு கேபிளில், வேறு யூஎஸ்பி துளையில் ஒரு முறை பாருங்கள், அதற்கும் அசையவில்லையென்றால் தகவல் மீட்புக்காரரிடம் கொடுக்க வேண்டியதுதான். ஃபிரீசரில் வைப்பது, தட்டிப் பார்ப்பது எதுவும் வேண்டாம்.

டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிழைகளைச் சரிசெய்யவா என்று கேட்டாலும் வேண்டாம், அதற்கு விண்டோஸ் ஓட்டும் செக்டிஸ்க் என்ற கருவி அந்த டிஸ்க்கிலேயே எழுதும், நமக்கு இப்போது படிக்க மட்டும்தான் வேண்டும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் 48 இலக்க எண்ணைக் கேட்டால் பயப்படாதீர்கள், லேப்டாப்பில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தீர்களோ, பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே அது சேமிக்கப்பட்டிருக்கும்.

திறந்துவிட்டதா? உடனே எல்லாவற்றையும் இழுத்துப் போடாமல், எது போனால் திரும்ப வராதோ அதை முதலில் எடுங்கள். படங்கள், எழுதியவை, கணக்குகள். சினிமாவும் சாஃப்ட்வேரும் கடைசியில். நகல் எடுக்கும் வேகம் திடீரென்று படுத்தாலோ பிழை வந்தாலோ, அதையே திரும்பத் திரும்ப முயலாமல் நிறுத்திவிட்டு, உபுண்டு என்ற இலவச இயங்குதளம் ஏற்றிய பென்டிரைவ் வழியே கணினியைத் தொடங்கி, ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியால் முழு டிஸ்க்கையும் நகலெடுங்கள். சுலபமாகப் படிக்க முடிந்ததையெல்லாம் முதலில் எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் வருவதுதான் அதன் சிறப்பு. எங்கே விட்டது என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்ளும், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நகல் போகும் டிஸ்க் இதைவிடப் பெரியதாக இருக்கட்டும், எந்த டிஸ்க்கிலிருந்து எந்த டிஸ்க்குக்கு என்பதை இரண்டு முறை சரிபாருங்கள், மாற்றிக் கொடுத்தால் எல்லாம் அழிந்துவிடும். ஒரு டெராபைட் என்றால் பழைய யூஎஸ்பி 2.0 வழியில் எட்டு மணி நேரம்கூட ஆகும்.

வெள்ளத்தில் மூழ்கியிருந்தால்

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய மாதிரி, டிஸ்க் முழுதாகச் சேற்றுத் தண்ணீரில் கிடந்திருந்தால், மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். அந்தத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். அதைக் காயவைத்தால் உப்பும் மண்ணும் தட்டின் மேலேயே படிந்து இறுகிவிடும். ஈரத்தோடு ஒரு ஜிப் கவரில் போட்டு மூடி, தூசி புகாத சுத்த அறை வைத்திருக்கும் தகவல் மீட்பு நிறுவனத்திடம் சீக்கிரம் கொடுங்கள், என்ன தண்ணீர், எத்தனை நேரம், இதற்குள் எத்தனை தடவை மாட்டிப் பார்த்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். 2003இல் கொலம்பியா விண்கலம் சிதறியபோது தரையில் விழுந்து கருகிய ஒரு ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே ஆய்வுத் தகவல்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மீட்டார்கள், அதனால் பார்த்த மாத்திரத்தில் கை கழுவிவிட வேண்டாம்.

எடுத்து முடித்த பிறகு

காப்பாற்றிய டிஸ்க் நன்றாக ஓடுகிறதே என்று புது லேப்டாப்பில் மாட்டிவிடாதீர்கள். அரிப்பு ஒருமுறை தொடங்கிய பலகையை நம்பி எதையும் வைக்க முடியாது. ஆனால் உடனே தூக்கியும் போட்டுவிடாதீர்கள். நகலெடுத்த கோப்புகளைப் பெயர் பார்த்து மட்டும் திருப்தியடையாமல் திறந்து பாருங்கள், வீடியோக்களைக் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். அக்கா வீட்டில் ஒரு பிறந்தநாள் வீடியோ பாதியில் நின்றுவிட்டது, டிஸ்க்கை எடுத்து வைத்திருந்ததால் அந்த ஒன்றை மட்டும் மறுபடி எடுக்க முடிந்தது.