ஸ்பாட்டிங் ஸ்கோப்: உருப்பெருக்கத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

அமெரிக்காவின் ராக்கி மலைப்பகுதியில் மான் வேட்டைக்குச் செல்வோர், எதிர்ச்சரிவில் நிற்பது சட்டம் அனுமதிக்கும் ஆண் மான்தானா என்பதை இருந்த இடத்திலிருந்தே அறிய, முக்காலித் தாங்கியில் பொருத்திப் பார்க்கும் சிறு தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப்பைப் பயன்படுத்துகிறார்கள். அதை வாங்கும்போது, 60 மடங்கு உருப்பெருக்கம் என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டாம். முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும், 80 மி.மீ. முன்வில்லை கொண்ட கருவியில் 20 மடங்கில் 4 மி.மீ. ஆக இருக்கும் அது, 60 மடங்கில் ஏறத்தாழ 1.3 மி.மீ. ஆகச் சுருங்கிவிடுவதால், மான்கள் மேய வரும் அந்தி வேளையில் காட்சி மங்கிப்போகும். நண்பகலிலோ அந்த உருப்பெருக்கத்தில் கானலும் பெரிதாகி அலைபாய்ந்து, கொம்பின் கிளைகளை எண்ணவே விடாது. முதுகில் சுமந்து மலையேறுவோருக்கு 65 மி.மீ. கருவியே போதும் என்பது என் கருத்து. கண்வில்லை சாய்வாக அமைந்த கருவிக்கு முக்காலியைத் தாழ்வாக வைக்கலாம் என்பதால் காற்றில் ஆட்டம் குறையும். வண்டிக்குள்ளிருந்து பார்ப்பவருக்கு நேரான வகையே வசதி. சிறிய கருவியை வாங்குவதால் மிச்சமாகும் பணத்தை உறுதியான முக்காலிக்குச் செலவிடுங்கள்.