வீட்டு முற்றத்தில் 21ஆம் பிறந்தநாள்: டர்பன் குடும்பங்களுக்கு ஒரு செய்முறை

தென்னாப்பிரிக்காவில் ஒருவர் 18 வயதிலேயே சட்டப்படி பெரியவராகிவிடுகிறார். 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் வகுத்த இந்த வரம்பு 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பு 21தான் எல்லை. சட்டம் மாறிய பிறகும் நம் வீட்டு விழா 21ஐ விட்டு நகரவில்லை. அதில் எனக்கு மகிழ்ச்சியே. மஞ்சள் நீராட்டு பெண்ணுக்கு மட்டும் உரியது. இருபத்தொன்று மகனுக்கும் மகளுக்கும் ஒன்றுபோல வருகிறது. “இனி உன் முடிவை நீயே எடுக்கலாம், உன்னை நம்புகிறோம்” என்று உறவினர் முன்னால் பெற்றோர் வாய்திறந்து சொல்லும் நாள் அது. அந்தச் சொல்லைத் தாங்கி வருவது, அன்று பெற்றோர் பிள்ளை கையில் கொடுக்கும் பெரிய அலங்காரச் சாவி. பந்தலும் விருந்தும் கேக்கும் அதற்குத் துணை நிற்பவை.

முதன்முறையாக நடத்துபவர்களுக்காக, நாற்பது பேர் வரும் வீட்டு விழாவை மனத்தில் வைத்துச் சொல்கிறேன்.

படி 1: நாள் குறிப்பது

பிறந்த தேதியிலேயே நடத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதை ஒட்டிய சனிக்கிழமை வசதியானது. ஆனால் புரட்டாசியைப் பார்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பலர் புலால் தொடுவதில்லை. தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பவர்களும் உண்டு. பிறந்தநாள் அந்த நாட்களில் வந்தால் முழுச் சைவ விருந்தாக வைத்துவிடுங்கள். இல்லையென்றால் விரதம் முடிந்த பின் வரும் சனிக்கிழமைக்குத் தள்ளிவிடுங்கள்.

டர்பனில் மழை கோடைக்காலத்தில்தான் அதிகம். அக்டோபர் முதல் மார்ச் வரையிலான விழாவுக்கு முற்றத்தில் கூரையுள்ள பந்தல் கட்டாயம் வேண்டும். ஜூன், ஜூலையில் மழைத் தொல்லை குறைவு. ஆனால் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அதனால் விருந்தினரைப் பிற்பகல் மூன்றுக்கே அழையுங்கள்.

படி 2: இடமும் அக்கம்பக்கமும்

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் பல வீடுகள் பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன. பந்தலுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பக்கத்து வீட்டாரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். அவர்களையும் விருந்துக்கு அழையுங்கள். முற்றம் சரிவாக இருந்தால், பந்தல் போடுபவரை முன்கூட்டியே வந்து பார்க்கச் சொல்லுங்கள். முதியவர்களின் நாற்காலிகளைச் சமதரையில், வாசலுக்கு அருகே போடுங்கள்.

மின்வெட்டுக்கும் ஆயத்தம் தேவை. சார்ஜ் செய்து வைக்கும் விளக்குகள் நான்கைந்து இருக்கட்டும். சமையலை எரிவாயு அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: சாவி செய்வது

கடையில் விற்கும் சாவியை வாங்காதீர்கள். வீட்டில் செய்யும் சாவியில் குடும்பத்தின் கை பட்டிருக்கும். குளிர்சாதனப் பெட்டி வந்த கெட்டி அட்டை போதும். ஒரு மீட்டர் நீளத்தில் சாவி வடிவம் வரையுங்கள். தலைப்பகுதி முப்பது, முப்பத்தைந்து சென்டிமீட்டர் அகல வட்டமாக இருக்கட்டும். ஒரே அளவில் இரண்டு துண்டுகள் வெட்டி, அட்டையின் வரிகள் ஒன்றுக்கொன்று குறுக்காக அமையும்படி ஒட்டுங்கள், அப்போதுதான் வளையாது. கனமான புத்தகங்களை மேலே வைத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். பிறகு ஓரங்களுக்கு மட்டும் தங்க நிறத் தாள் சுற்றுங்கள். நடுப்பகுதிக்கு வெள்ளை வண்ணம் பூசுங்கள். விருந்தினர் கையெழுத்திட வேண்டிய இடம் அது. வட்டத்துக்குள் 21 என்ற எண். மரத்தில் வேண்டுமென்றால் மெல்லிய ஒட்டுப்பலகையைத் தச்சரிடம் கொடுத்து வெட்டிக்கொள்ளலாம்.

இதோடு இன்னொன்றையும் செய்யுங்கள் என்று வலியுறுத்திச் சொல்வேன்: வீட்டு முன்வாசலின் உண்மையான சாவிக்கு ஒரு நகல் எடுத்து, சிவப்பு நாடாவில் கோத்து, பெரிய சாவியின் கழுத்தில் தொங்கவிடுங்கள். பெரிய சாவி சுவரில் மாட்டுவதற்கு. சிறிய சாவி பையில் வைத்துக்கொள்வதற்கு. முன்பே சாவி வைத்திருக்கும் பிள்ளைக்கும் இதைக் கொடுங்கள். எல்லோர் முன்னிலையிலும் பெற்றோர் கையிலிருந்து வரும் சாவிக்குத் தனி மதிப்பு உண்டு.

படி 4: பிரியாணி

நாற்பது பேருக்கு அரிசி நான்கு கிலோ, கோழி ஏழு கிலோ, உருளைக்கிழங்கு மூன்று கிலோ, மைசூர்ப் பருப்பின் தோல் நீக்காத முழுப் பயறு முக்கால் கிலோ. பயறும் உருளைக்கிழங்கும் இல்லாத பிரியாணியை டர்பன் விருந்தினர் பிரியாணியாகவே ஏற்க மாட்டார்கள். மாட்டிறைச்சி வேண்டாம். கோழியை ஹலால் கடையில் வாங்குங்கள். பிள்ளையின் முஸ்லிம் நண்பர்களும் தயக்கமின்றிச் சாப்பிடுவார்கள்.

முதல் நாள் இரவே கோழியைத் தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மஞ்சள், புதினா, கொத்தமல்லி, பொரித்த வெங்காயம் சேர்த்துப் பிசறிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் பயறைக் குழையாமல் வேகவிடுங்கள். உருளைக்கிழங்கைப் பொன்னிறமாகப் பொரியுங்கள். அரிசியைப் பட்டை, ஏலக்காயோடு பாதி வேக்காட்டில் வடியுங்கள். புதிதாகச் சமைப்பவர்கள் ஒரே அண்டாவில் எல்லாவற்றையும் போட வேண்டாம். இரண்டு கனமான பாத்திரங்களாகப் பிரித்தால் அடி பிடிக்காது. அடியில் கோழி, அதன்மேல் உருளைக்கிழங்கு, பிறகு பயறு கலந்த அரிசி. மேலே நெய் விட்டு, சிறிது வெந்நீர் தெளித்து, மூடியின் விளிம்பைக் கோதுமை மாவால் அடைத்துவிடுங்கள். ஆவி கட்டும்வரை நடுத்தரத் தீ, பிறகு மிகச் சிறிய தீ. ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்து, அடியிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பாருங்கள். இறைச்சி எலும்பை விட்டு எளிதாகப் பிரிந்தால் இறக்கலாம். பரிமாறும்போது பருப்பும், தயிரும், கேரட் வெங்காய சாலடும் கூட இருக்க வேண்டும்.

சைவ விருந்தினருக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தனி மேசை. பிரியாணி பரிமாறிய கரண்டி அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள ஒருவரை நிறுத்துங்கள். வருபவர்களுக்கு உடனே கொடுக்கச் சமோசாவும் வடையும், இனிப்புக்குச் சோஜியும் (ரவை இனிப்பு) போதும்.

படி 5: மாலையின் வரிசை

முதலில் காமாட்சி விளக்கு. பிள்ளையே ஏற்றட்டும். சூடம் காட்டி, பெரியவர்கள் திருநீறு பூசி வாழ்த்தட்டும். ஆரத்தி எடுப்பதென்றால் இப்போதே எடுத்துவிடுங்கள்.

வாசலில் ஒரு தங்கையோ தம்பியோ பேனாவோடு நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும் பெரிய சாவியில் கையெழுத்து வாங்கட்டும். கடைசியில் வாங்கலாம் என்று விட்டால் பாதிப் பேர் போய்விடுவார்கள்.

பேச்சுக்கு மூன்று பேர் போதும்: ஒரு நண்பர், பெற்றோரில் ஒருவர், வீட்டின் மூத்தவர். மூத்தவர் ஆயாவாக (பாட்டியாக) இருந்து தமிழில்தான் பேசுவார் என்றால் தமிழிலேயே பேசட்டும். பேரப்பிள்ளைகளுக்குப் பாதி புரியாமல் போகலாம். அருகில் ஒருவர் நின்று ஆங்கிலத்தில் சொன்னால் போதும். இளைய தலைமுறையின் வீட்டுப் பேச்சு ஆங்கிலமாகிவிட்ட நம் ஊரில், பாட்டியின் குரலில் வரும் தமிழ் வாழ்த்தை யாராவது கைபேசியில் பதிவு செய்யுங்கள். இதை மட்டும் மறந்துவிட வேண்டாம்.

மூத்தவர் பேசி முடித்ததும் சாவி. பாட்டை நிறுத்துங்கள், பரிமாறுவதையும் நிறுத்துங்கள். தாயும் தகப்பனும் இருவருமாகப் பிடித்துக் கொடுக்கட்டும். ஒருவரே வளர்த்திருந்தால் அவர் கொடுக்கட்டும். வளர்த்தது ஆயாவென்றால் அந்த உரிமை ஆயாவுக்கே. கொடுக்கும்போது ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள். அதை முன்பே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. அந்த நேரத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும். பிறகு பிள்ளை பதில் பேச விரும்பினால் பேசட்டும், வற்புறுத்த வேண்டாம்.

அடுத்து கேக், பழச்சாற்றுக் கோப்பையை உயர்த்தி வாழ்த்து, உடனே சாப்பாடு. ஆட்டமும் பாட்டும் அதற்குப் பிறகு. பக்கத்து வீட்டாரிடம் சொன்ன நேரத்துக்குள் ஒலிபெருக்கியை அணைத்துவிடுங்கள்.

மீந்த பிரியாணியைச் சூடு தணிந்ததும் காலி ஐஸ்கிரீம் டப்பாக்களில் அடைத்து, கிளம்புகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்புங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். சமையலுக்கு உதவிய அத்தைக்கும் பெரியம்மாவுக்கும் முதல் டப்பா. வாடகைப் பாத்திரங்களை அன்றிரவே ஊறப்போட்டால் ஞாயிறு காலையில் தேய்த்து, திங்கட்கிழமை எண்ணிப் பார்த்துத் திருப்பிவிடலாம்.