வன்னியில் ஒரு சிறுகுளத்தைத் திருத்தும் முறை: பங்கு முதலில், மண்வேலை பின்னர்

2009இல் போர் ஓய்ந்த பின்னர் மீளக்குடியமர்ந்த வன்னி ஊர்களுக்கு உதவ முன்வரும் ஊர்ச் சங்கங்களும் புலம்பெயர்ந்த உறவுகளும் பெரும்பாலும் முதலில் கேட்பது, குளத்தைத் திருத்த எவ்வளவு செலவாகும் என்பதையே. அந்தக் கேள்வியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிறுகுளம் வயலுக்கு மட்டும் உரியதன்று. ஊர்க் கிணறுகளின் நீர்மட்டம், கோடையில் மாடுகளின் தண்ணீர், குளத்து மீனை நம்பிய வீடுகளின் அன்றாடச் சோறு ஆகிய எல்லாமே அதில் தங்கியுள்ளன. அதில் யார் யாருக்குப் பங்கு என்பதைத் தீர்க்காமல் குளக்கட்டை உயர்த்தினால், செலவழித்த பணம் ஏற்கெனவே வயல் வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும்.

முதலில் குளம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று அறிந்துகொள்ள வேண்டும். 80 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறத்தாழ 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்குப் பாய்ச்சும் குளங்களைக் கமநல அபிவிருத்தித் திணைக்களமும், அதற்கு மேற்பட்டவற்றை நீர்ப்பாசனத் திணைக்களங்களும் பார்க்கின்றன. ஆகவே சிறுகுளத்துக்குச் செல்ல வேண்டிய இடம் உங்கள் கமநல சேவை நிலையமே. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பதிவான கமக்காரர் அமைப்பு ஊரில் இயங்குகிறதா என்பதையும் அங்கேயே கேட்டறியலாம். போர்க்காலத்தில் ஆளற்றுக் கிடந்து காடாகிப்போன குளங்கள் சில இப்போது வன இலாகாவின் எல்லைக்குள் இருப்பதால், குளக்கட்டில் ஒரு மரத்தை வெட்டுவதற்கு முன்னரே பிரதேச செயலகத்தின் ஊடாக அனுமதியை எழுத்தில் பெறுங்கள். கண்ணிவெடி அகற்றப்பட்ட இடமா என்பதையும் அப்படியே உறுதிசெய்ய வேண்டும். குளக்கட்டுகள் போரில் காவலரண்களாகவும் பயன்பட்டவை. குளப்படுக்கை மட்டுமன்றி, கட்டுக்கு மண் எடுக்கப்போகும் இடமும் துப்புரவு செய்யப்பட்டதாகச் சான்று இருக்க வேண்டும்.

அடுத்தது ஆட்கணக்கு. இதற்கு ஒரு மாதம் செலவானாலும் தகும். கமக்காரர் பதிவேட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் வயற்காணி உள்ளவர்களே என்பதால், அதைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இல்லாதவர்களைத் தேடி வீடு வீடாகச் செல்லுங்கள். கணவர் காணாமற்போன பெண் ஒருவர் அந்தக் காணியைப் பதினைந்து ஆண்டுகளாக விதைத்து வந்தாலும், அனுமதிப்பத்திரம் கணவரின் பெயரிலேயே கிடக்கும். மரணச் சான்றிதழ் வாங்க அவருடைய மனம் இடங்கொடாது. அத்தகையோருக்காகவே, காணாமற்போனவர் என்று மட்டும் சான்றளிக்கும் பத்திரமொன்றை வழங்க 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் வழிசெய்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் உரித்து ஆண்பிள்ளைகளுக்கே முன்னுரிமையாகச் சென்ற ஒழுங்கும் 2022இல் திருத்தப்பட்டது. இந்த இரண்டையும் அறியாத குடும்பங்கள் இன்னும் பல என்பதால், எடுத்துச் சொல்லவும் படிவம் நிரப்பவும் கூடவே ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். 1977 வன்முறைக்குப் பின் வந்து குடியேறிய மலையகக் குடும்பங்களில் வயற்காணியே இல்லாமல் கூலிக்குப் போவோர், மாடு வளர்ப்போர், வலை வீசுவோர், வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ளோர் ஆகிய எல்லோருடைய பெயரும் அந்தக் கணக்கில் வர வேண்டும்.

கூட்டத்தைப் பகல் பத்து மணிக்கு வைத்தால் கூலிக்குப் போனவர்கள் வரமாட்டார்கள், பொழுதுபட வைத்தால் தனித்திருக்கும் பெண்கள் வரத் தயங்குவார்கள். ஆகவே இரண்டு கூட்டம் வையுங்கள். ஒருமுறை, பேசாமல் பின்வரிசையில் இருந்த அம்மா ஒருவரிடம், "அம்மா, நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே" என்று கேட்டேன். "வா தம்பி, காட்டுறன்" என்று, கட்டுக்கு எதிரே குளத்து நீர் வந்து தொடும் அலைகரைப் பக்கம் கூட்டிச் சென்று, மருதமரம் ஒன்றின் அடியில் என் நெஞ்சளவு உயரத்தில் இருந்த சேற்றுக்கோட்டைத் தொட்டுக் காட்டினார். 2018 மார்கழி வெள்ளம் நின்ற மட்டம் அது. அவருடைய வீடு இருந்ததோ அந்தக் கோட்டுக்குக் கீழே. குளத்தின் மிகுநீர் வழிந்தோடும் வானை இரண்டடி உயர்த்துவதென்று அன்று காலைதான் கூட்டத்தில் கைதட்டித் தீர்மானித்திருந்தோம். அந்தத் தீர்மானத்தை மாலையிலேயே கைவிட்டோம்.

வன்னி அடங்கிய உலர்வலயத்தின் குளங்கள் தனித்தனியானவை அல்ல. மேற்குளம் வான்பாய்ந்த நீரும் அதன் வயலில் கழிந்த நீரும் கீழ்க்குளத்துக்கு வருமாறு அவை சங்கிலியாகக் கட்டப்பட்டிருக்கின்றன. இந்த அமைப்பை 2017இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுகளில் ஒன்றாக ஏற்றது. மேற்குளம் உடைந்தால் அந்த வெள்ளம் கீழ்க்குளங்களையும் உடைத்துக்கொண்டு போகும் என்பதால், உங்கள் குளத்துக்கு மேலும் கீழும் உள்ளவற்றை நடந்தே பார்த்துவிட்டு, பழுதானவற்றில் மேலேயுள்ளதிலிருந்து வேலையைத் தொடங்குங்கள். மேற்குளம் வேறோர் ஊருக்கு, சில இடங்களில் வேறு மொழி பேசும் ஊருக்கு, உரியதாக இருக்கலாம். அநுராதபுரம் பக்கத்தில் மல்வத்து ஓயா என்று வழங்கும் ஆறுதான் மன்னாரில் அருவியாறாகக் கடலில் சேர்கிறது. அதன் படுகையில் மேல் ஊரின் கமக்காரரோடு பேசாமல் செய்யும் எந்தத் திருத்தமும் பாதி வேலைதான். பேச்சுக்குப் போகும்போது இரு மொழியும் தெரிந்த ஒருவரோடு, இரு தரப்பும் மதிக்கும் மூத்த கமக்காரர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

மண்வேலையில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, குளம் முழுவதையும் ஆழமாகத் தோண்டுவது. வயலுக்கு நீர் திறந்துவிடும் மதகான துருசின் மட்டத்துக்குக் கீழே தேங்கும் நீர் வயலுக்குப் பாயாது. அடியில் படிந்த களிப்படை கிழிந்தால், இருக்கிற நீரும் நிலத்துக்குள் இறங்கிவிடும். மாட்டுக்கும் மீனுக்குமென ஒரு மூலையில் மடு விடுவது வேறு விடயம். இரண்டாவது, அலைகரையிலுள்ள மரங்களையும் புற்படுக்கையையும் வெட்டி வெளியாக்குவது. வருகிற வண்டலை மறிப்பவை அவையே. கட்டுக்கான மண்ணை அரை அடிக்கு மேற்படாத படைகளாகப் போட்டு, ஈரம் பார்த்து இறுக்கி, மேலே புல் பதிக்க வேண்டும்.

இதெல்லாம் ஆனி தொடங்கிப் புரட்டாதிக்குள் முடிந்தாக வேண்டும். ஆவணி கடந்து வரும் நிதியைத் தயங்காமல் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள், இறுகாத மண் ஐப்பசி மழையில் கரைந்து வயலை மூடும். ஆணுக்குக் கொடுக்கும் நாட்கூலியையே பெண்ணுக்கும் கொடுப்பதென ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

வறட்சியான ஆண்டில் என்ன செய்வது என்பதை நல்ல மழை பெய்த ஆண்டிலேயே பேசி எழுதிவைக்க வேண்டும். கிளிநொச்சியின் பெருங்குளமான இரணைமடுவின் நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டம் அங்குள்ள விவசாயிகளின் எதிர்ப்பில் சிக்கி, இறுதியில் அதற்குப் பதிலாக 2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. தாகமும் வயலும் எதிரெதிராக நின்று மனம் கசந்த ஆண்டுகள் அவை. சிறுகுளத்திலும் அதே கசப்பு வரும். கோடை விதைப்பான சிறுபோகத்தில் நீர் குறைந்தால் குளத்துக்கு அருகிலுள்ள வயலை மட்டும் விதைத்து, அதை எல்லாப் பங்காளருக்கும் அளவுப்படி பிரித்துக்கொள்ளும் பழைய வழக்கம் உலர்வலயத்தில் உண்டு. அந்தப் பிரிப்பில் காணியற்றவருக்கும் ஒரு துண்டு ஒதுக்குங்கள். எந்த நீர்மட்டத்துக்குக் கீழே நெல்லை விட்டுப் பயறு, உழுந்து போடுவது, எப்போது இரண்டரை மாத நெல்லான பிஜி 250ஐத் தெரிவது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். இது எழுதப்படாத ஊர்களில் வறட்சி கடனாக மாறுகிறது. வறட்சி மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்டவற்றைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது.

திருத்திய முதல் மாரியில் குளத்தை நிரம்ப விடாதீர்கள். துருசுக்கு அருகே அளவுகோல் நட்டு, நீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானையும் பெண்கள் தெரிந்தெடுத்த ஒருவரும் நாள்தோறும் மட்டத்தைக் கொப்பியில் குறிக்கட்டும். துருசைத் திறக்கும் சாவியும் அந்த இருவரிடமும் இருக்கட்டும். கட்டின் அடியில் தெளிந்த நீர் கசிந்தால் அளந்து கவனித்து வாருங்கள். கலங்கல் நீர் வந்தால் கட்டுக்குள் மண் அரிபடுகிறது என்று பொருள். உடனே துருசைத் திறந்து நீரை இறக்கி, கமநல சேவை நிலையத்துக்கும் கீழ்க்குளத்து ஊருக்கும் தொலைபேசியில் அறிவியுங்கள்.