பழைய கணினியிலிருந்து புதியதற்கு: கோப்புகள் மட்டும் வந்தால் போதாது

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து, தெரிந்தவர்கள் பலர் புது மடிக்கணினியை வாங்கி வைத்துக்கொண்டு, பழையதில் இருப்பதை எப்படிக் கொண்டுவருவது என்று கேட்கிறார்கள். போன மாதம் கோலாலம்பூரின் செந்தூலில் என் பெரியப்பாவுக்குச் செய்து கொடுத்தேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு யூபிஎஸ்ஆர் தேர்வு இருந்த காலத்தில் அவர் தட்டச்சு செய்த வினாத்தாள்கள் எல்லாம் ஒரு பழைய மேசைக் கணினியில்தான் கிடந்தன.

முதலில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வேண்டும். கைவசம் இருப்பது பழைய பென்டிரைவ் என்றால் அது ஃபேட்32 முறையில் இருக்கலாம், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது, கல்யாண வீடியோ அங்கேயே நின்றுவிடும். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் மாற்றினால் உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும், அதை மறக்க வேண்டாம். பழைய கணினியில் நீல நிற யூஎஸ்பி துளை இருந்தால் அதில் செருகுங்கள், பெரும்பாலும் அதுதான் வேகமான யூஎஸ்பி 3. யூஎஸ்பி 2-இல் 200 ஜிபி நகர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், சின்னச் சின்னக் கோப்புகள் அதிகம் என்றால் இன்னும் இழுக்கும்.

எப்போதும் காப்பிதான், கட் வேண்டாம். நான் ஒருமுறை கட் செய்து நகர்த்திக்கொண்டிருந்தேன், மத்தியானம் இடி மின்னலோடு மழை பிடித்துப் பாதியில் மின்சாரம் போய்விட்டது. ஒரு தோழியின் வீட்டுப் படங்கள் சில இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் திறக்கவில்லை. இன்றைக்கும் அது மனதை உறுத்துகிறது. அதனால் கோலாலம்பூரில் இந்த வேலையைக் காலையிலேயே ஆரம்பித்துவிடுவேன்.

எதை எடுப்பது? சி டிரைவில் யூசர்ஸ் என்ற கோப்புறைக்குள் உங்கள் பெயரில் ஒன்று இருக்கும். அதில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கையும் எடுங்கள். மலேசிய வருமான வரி வாரியமான எல்எச்டிஎன் கேட்டால் காட்டுவதற்கு வரி ரசீதுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும், அவை பெரும்பாலும் டவுன்லோட்ஸில்தான் ஒளிந்திருக்கும். டெஸ்க்டாப்பில் அம்புக்குறி போட்ட படங்கள் வெறும் ஷார்ட்கட், அவற்றைக் காப்பி செய்து பயனில்லை. மேகக் குறி போட்ட கோப்புகள் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் இருப்பவை, கணினிக்குள் இன்னும் இறங்காதவை. புதுக் கணினியிலும் அதே கணக்கில் நுழைந்தால் வந்துவிடும்.

குரோமில் கூகள் கணக்கோடு நுழைந்து சிங்க் போட்டிருந்தால் புக்மார்க்கும் கடவுச்சொல்லும் தானாக வரும். இல்லையென்றால் இரண்டையும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். கடவுச்சொல் கோப்பை யார் திறந்தாலும் அப்படியே படிக்கலாம், ஆகவே ஏற்றி முடித்த கையோடு அழித்துவிடுங்கள், ரீசைக்கிள் பின்னிலிருந்தும். அவுட்லுக் வைத்திருப்பவர்கள் அதை மூடிவிட்டு, மின்னஞ்சல்கள் சேர்ந்திருக்கும் பிஎஸ்டி கோப்பை எடுக்க வேண்டும்.

இனி எழுத்துரு. தமிழில் எழுதுகிற நாம் இதில்தான் அதிகம் இழக்கிறோம். எல்லாம் காப்பி ஆகி, புதுக் கணினியில் பெரியப்பா ஒரு வினாத்தாளைத் திறந்தார். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். "என்னடா இது, எந்த ஊர் பாஷை?" என்றார், முகம் வாடிவிட்டது. கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் யூனிகோடு முறைக்கு முந்திய பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருக்கும், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் தெரியும்.

வேர்டில் அந்த வரியில் கர்சரை வையுங்கள். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் மேலே பெட்டியில் அதன் பெயர் தெரியும். பழைய கணினியில் விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்பதைத் திறந்து அந்தப் பெயரைத் தேடி எடுத்து, புதியதில் வலது கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் போதும், தாள் பழையபடி வந்துவிடும். பெரியப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி ஒரு வரி விடாமல் படித்தார்.

அதோடு நிறுத்தாமல் முக்கியமானவற்றை எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: நம் ஊர்த் தாள்களில் மலாய்ச் சொற்கள் கலந்திருக்கும், மாற்றி அவற்றையும் தமிழ் என்றே நினைக்கும். பெயர் எழுதும் இடத்தில் இருந்த 'நாமா' என்ற மலாய்ச் சொல் 'யேஅய' என்று வந்து நின்றது. ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்த வேண்டியதுதான். லதா எழுத்துருவில் இருப்பவை யூனிகோடுதான், கவலை வேண்டாம். அதே தோற்றம் வேண்டுமென்றால் விண்டோஸ் அமைப்பில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியில் தமிழுக்கான கூடுதல் எழுத்துருக்களைச் சேர்க்கலாம்.

விசைப்பலகை தானாக வராது. மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்து, பழகியது தமிழ்99-ஆ அஞ்சலா என்று பார்த்து அதைத் தேர்ந்தெடுங்கள், விண்டோஸ் 11-இல் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன.

பழைய கணினியை உடனே யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாதம் மூலையில் இருக்கட்டும், அதற்குள் விட்டுப்போனது ஏதாவது நிச்சயம் நினைவுக்கு வரும். அப்புறம் எல்லாக் கணக்கிலிருந்தும் வெளியேறி, ரீசெட்டில் எல்லாவற்றையும் நீக்கு என்பதைத் தேர்ந்து, டிஸ்கைத் துடைக்கும் தெரிவையும் போட்டுவிட்டுக் கொடுங்கள்.