கடைக்கு வெப்சைட் போடும் முன் போன் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள்

காங்கேயம் பக்கம் மரச்செக்கில் எண்ணெய் ஆட்டி விற்கிறேன். எங்கள் முதல் வெப்சைட்டைத் திறந்தால், காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரிப்பார். அடுத்து குலுக்கிக்கொள்ளும் இரண்டு கைகள். கீழே 'எங்கள் தொலைநோக்கு', 'எங்கள் இலட்சியம்'. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் என்ன விலை என்று மட்டும் எங்கேயும் இருக்காது. அதைக் கேட்கத்தான் எல்லோரும் போன் போட்டார்கள்.

இரண்டாம் தடவை, வெப்சைட் செய்பவர் யாரையும் கூப்பிடும் முன் கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு நோட்டு வைத்தேன். மூன்று வாரம், போனில் வந்த கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதினோம். "லிட்டர் என்ன விலைங்க?" "மெட்ராஸுக்கு அனுப்பினா கூரியர் எவ்வளவு?" "நல்லெண்ணெய்க்குக் கருப்பட்டி போடறீங்களா, வெல்லமா?" அடிக்கடி வந்த நான்கு கேள்விக்குப் பதில் முதல் பக்கத்தில், விரலால் தள்ளாமலே தெரிய வேண்டும். மற்றவை உள்ளே போகட்டும்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மார்கழி வந்தால் பெங்களூரிலிருந்து போன் வரும்: "தேங்காயெண்ணெய் உறைஞ்சு போச்சு, மெழுகு கலந்திருக்கீங்களா?" இதற்கென்றே ஒரு பக்கம் போட்டோம். தலைப்பு 'தேங்காய் எண்ணெய் ஏன் உறைகிறது?' கூகுளில் ஜனங்கள் இப்படித்தானே தேடுகிறார்கள். 'உறைநிலை குறித்த விளக்கம்' என்று யார் தேடுவார்? ஒரே பாட்டிலை விடிகாலையில் ஒரு படம், மதியம் வெயிலில் ஒரு படம். கீழே நாலு வரி: சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் நல்ல தேங்காயெண்ணெய் உறையத்தான் செய்யும், வெந்நீரில் வைத்தால் இளகிவிடும். இப்போது அப்படி யாராவது கேட்டால் அந்த லிங்க்கை அனுப்பிவிடுகிறோம். அதே மாதிரி எடை போட்டுப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வருபவர்களுக்காக, கடலை எண்ணெய் விலைக்குப் பக்கத்திலேயே '1 லிட்டர், சுமார் 910 கிராம்' என்று போட்டிருக்கிறோம்.

படத்தை நீங்களே எடுங்கள். காலை வெளிச்சம், ஜன்னலோரம், போன் கேமரா போதும். ஆனால் போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். ஒவ்வொன்றும் நாலைந்து எம்பி இருக்கும். ஸ்க்வூஷ் (Squoosh) என்று இலவசக் கருவி இருக்கிறது, அதில் போட்டு 200 கேபிக்குள் சுருக்குங்கள். அப்புறம் வைஃபையை அணைத்துவிட்டு, வீட்டில் இருப்பதிலேயே பழைய போனில் திறந்து பாருங்கள். உங்களுக்கே பொறுமை போனால் வாடிக்கையாளர் எப்போதோ போயிருப்பார்.

விலைப்பட்டியலைப் படமாகப் போடவே கூடாது. கூகுளுக்குச் சரியாகப் படிக்க வராது, விலை மாறும்போது உங்களுக்கும் தொல்லை. யூனிகோடில், அதாவது எல்லா போனிலும் தெரியும் எழுத்தில், தட்டச்சு செய்து போடுங்கள். பட்டனில் 'இப்போதே கொள்முதல் செய்க' என்று எழுதினால் சின்னத் திரையில் இரண்டாக உடையும். 'வாங்க' போதும், கூப்பிட்ட மாதிரியும் ஆச்சு.

வாட்ஸ்அப் பட்டன் கட்டாயம் வேண்டும். தொட்டதும் வெறும் பெட்டி திறக்காமல் 'கடலை எண்ணெய் 5 லிட்டர் வேண்டும், பின்கோடு:' என்று பாதி எழுதிய செய்தியோடு திறக்கும்படி செய்யச் சொல்லுங்கள். சின்ன வேலைதான். ஆர்டரோடு பின்கோடும் வந்துவிடுவதால் கூரியர் கணக்கு உடனே சொல்ல முடிகிறது.

டொமைன், அதாவது வெப்சைட் முகவரி, உங்கள் பெயரில், உங்கள் இமெயிலில் இருக்கட்டும். எங்களுடையதை வெப்சைட் செய்து கொடுத்த தம்பி தன் பெயரில் வாங்கியிருந்தார். அவர் வெளிநாடு போனார்; புதுப்பிக்கச் சொன்ன மெயிலெல்லாம் அவருக்கே போய்ச் சேர்ந்தது; ஒரு நாள் வெப்சைட் காணோம். அந்த முகவரி அச்சடித்த 2,000 ஸ்டிக்கர் இன்னும் பரணில் கிடக்கிறது.

ஆன்லைனில் பணம் வாங்கப் போகிறீர்கள் என்றால் முகவரி, பணம் திருப்பித் தரும் முறை, டெலிவரி விவரம் எல்லாம் பக்கத்தில் இருக்கிறதா என்று அந்தப் பணத்தை வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனங்கள் பார்ப்பார்கள். 2020-இல் வந்த மின்வணிக விதிகள்படி புகாரைக் கேட்டுத் தீர்க்கும் குறைதீர் அலுவலர் பெயரும் போட வேண்டும். எங்களுக்கு அது என் மனைவி. போடுவதற்கு முன்னாலேயே அப்படித்தான். சாப்பிடும் பொருளாக இருந்தால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) எண்ணையும் மறக்காதீர்கள்.

இவ்வளவும் முடிவதற்குள்ளேயே கூகுள் மேப்பில் கடையைச் சேர்த்துவிடுங்கள், அது இலவசம். செக்கு ஓடாத நாளையும் அதில் சரியாகக் குறியுங்கள்.

நோட்டை இன்னும் எடுக்கவில்லை. போன வாரம் தாராபுரத்திலிருந்து ஒருவர், "கடலைப் புண்ணாக்கு மூட்டை என்ன விலை? உங்க வெப்சைட்ல அது இல்லீங்களே?" என்றார். தினமும் மூட்டை மூட்டையாக விற்கிறோம், எழுதத் தோன்றவே இல்லை. விலையை அன்றைக்கே ஏற்றிவிட்டேன். படம் மட்டும் பாக்கி. மாடு தின்கிற மாதிரி எடுத்தால்தான் நன்றாக இருக்கும் என்கிறாள் மகள்.